பச்சை லேபிளுக்குள் என்ன இருக்கிறது?

(வீட்டு வாசனைப் பொருட்களும் பயனீட்டாளரும் என்ற தலைப்பிலான தொலைக்காட்சிக் கருத்தரங்க உரையின் எழுத்து வடிவம்)



கேமரன் மலைக்கு வரும் சுற்றுப்பயணிகள் திரும்பிப் போகும்போது கையில் எதை எடுத்துச் செல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். ஸ்ட்ராபெரி ஒரு பெட்டி, தேயிலை இரண்டு பொட்டலம், அவற்றோடு ஒரு வாசனைப் பொருள். லாவெண்டர் பூ அடைத்த சிறு பை, மெழுகுவர்த்தி, அறையில் தெளிக்கும் புட்டி, குச்சி செருகிய வாசனைக் குப்பி என்று ஏதாவது ஒன்று. தானா ராத்தா கடைத்தெருவிலும் பிரிஞ்சாங் இரவுச் சந்தையிலும் இவற்றைப் பார்க்கலாம். பயணிகள் மட்டும்தானா வாங்குகிறார்கள்? தோட்டத்துக் குடும்பங்களும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும், விருந்தாளி வரும் நாளுக்கும் வாங்குகின்றன.

இந்தப் புட்டிகளின் மேல் சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மலாயில் ‘மெஸ்ரா ஆலாம்’, அதாவது சுற்றுச்சூழலுக்கு உகந்தது. ‘செமுலா ஜாடி’, அதாவது இயற்கையானது. ஆங்கிலத்தில் ‘கிரீன்’, ‘ஈகோ’, ‘ஆர்கானிக்’. தமிழில் அச்சிட்ட சாம்பிராணிப் பெட்டி என்றால் ‘100% மூலிகை’. இந்தச் சொற்களுக்காகவே பக்கத்துப் புட்டியை விட நான்கு வெள்ளி கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நான்கு வெள்ளிக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

பூச்சு வேலைக்கு ஒரு பெயர்

இல்லாத பசுமையை இருப்பதாகக் காட்டும் இந்த வேலைக்குப் பசுமைப் பூச்சு என்று பெயர். 1986-ல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர், விருந்தினர் அறைகளில் ‘சுற்றுச்சூழலைக் காக்கத் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்’ என்று எழுதி வைத்த தங்குவிடுதிகளைக் கண்டித்து எழுதியபோது அந்தச் சொல் பிறந்தது. துவைக்கும் செலவை மிச்சப்படுத்த விடுதிக்காரர் நினைக்கிறார். பெயர் மட்டும் பூமித்தாய்க்குப் போகிறது.

2007-ல் டெராசாய்ஸ் என்ற நிறுவனம் வட அமெரிக்கக் கடைகளில் சுற்றுச்சூழல் வாசகம் தாங்கிய 1,018 பொருட்களை எடுத்துப் பார்த்தது. ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வகையில் பொய்யோ மழுப்பலோ இருந்ததாக அது அறிவித்தது. ஐரோப்பிய ஆணையம் 2020-ல் செய்த ஆய்வில், பார்த்த பசுமை வாசகங்களில் பாதிக்கும் மேல், 53 விழுக்காடு, தெளிவற்றதாகவோ தவறான எண்ணம் தருவதாகவோ ஆதாரமற்றதாகவோ இருந்தன. படித்தவர்களும் சட்டமும் நிறைந்த நாடுகளிலேயே இந்த நிலை.

படம் சாட்சி சொல்லாது

முதலில் கண்ணில் படுவது படம். பச்சை மலை, பனி, ஒரு சொட்டு நீர், ஓர் இலை. படத்தில் இருக்கும் மலைக்கும் புட்டிக்குள் இருக்கும் திரவத்துக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. மலையில் விற்கிறார்கள், அதனால் மலையில் விளைந்தது என்று மனம் தானாக முடிவு செய்து விடுகிறது. லாவெண்டர் தோட்டம் பக்கத்தில் இருப்பதால், கடையில் இருக்கும் லாவெண்டர் எண்ணெய் அங்கே வடித்தது என்று ஆகாது. ‘எங்கே வடித்தது?’ என்று கேட்டால்தான் தெரியும்.

பச்சையாகத் தெரிவதெல்லாம் நலமாக இருக்கிறது என்றும் பொருள் இல்லை. இதைக் கேமரன் மலை மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே காட்டை அழித்து நிலம் திருத்திய இடங்களிலிருந்து மண் அடித்துக்கொண்டு வந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்தை நிரப்பியது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. தூரத்திலிருந்து பார்த்தால் அந்த மலையும் பச்சைதான். வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்பது போல, பச்சையானதெல்லாம் பசுமை இல்லை.

‘இயற்கை’ என்றால் எவ்வளவு?

அடுத்து, ‘இயற்கை’ என்ற சொல். இதை ஒரு சின்னக் கணக்கால் சோதிக்கலாம். 1 கிலோ லாவெண்டர் எண்ணெய் வடிக்க 100 கிலோவுக்கும் மேல் பூ வேண்டும். 1 கிலோ ரோஜா எண்ணெய்க்குச் சில ஆயிரம் கிலோ இதழ் வேண்டும். மல்லிகையை ஆவியில் வடித்தால் அதன் மணம் கெட்டு விடும். தமிழ்நாட்டில் திண்டுக்கல், சத்தியமங்கலம் வட்டாரங்களில் உள்ள ஆலைகள் கரைப்பான் ஊற்றித்தான் மல்லிகைச் சாற்றைப் பிரித்து எடுக்கின்றன. அதற்கும் நூற்றுக்கணக்கான கிலோ பூ கொட்ட வேண்டும். இப்படி இருக்க, பெரிய புட்டி ‘அசல் மல்லிகை எண்ணெய்’ பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறது என்றால் கணக்கு இடிக்கிறதே! பூக்காரம்மாவிடம் ஒரு முழம் பூ என்ன விலை என்று தெரிந்த எவருக்கும் இது புரியும்.

சிலர் மூக்கை நம்புவார்கள். தேயிலை ஆலையில் வேலை செய்து பழகிய மூக்கு, இலையின் தரத்தை முகர்ந்தே சொல்லிவிடும். வாசனைப் புட்டியில் அந்தத் திறமை செல்லாது. லாவெண்டர் மணத்துக்கு முக்கியக் காரணமான லினாலூல் என்ற பொருள் பூவிலும் இருக்கிறது, தொழிற்சாலையிலும் தயாராகிறது. இரண்டும் ஒரே மூலக்கூறு. ஆகவே மூக்கை விட்டுவிட்டு லேபிளின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். செடியின் அறிவியல் பெயரும், நாட்டின் பெயரும் இருந்தால் ஒரு நம்பிக்கை. ‘பெவாங்கி’, ‘பெர்ஃபியூம்’, ‘ஃபிராகிரன்ஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால், அந்த ஒரு சொல்லுக்குள் பல பொருட்கள் ஒளிந்திருக்கலாம்.

ஒளிந்திருந்ததற்கு உதாரணம் உண்டு. 2007-ல் அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்பு மன்றம் கடைகளில் வாங்கிய 14 காற்று மணமூட்டிகளைப் பரிசோதனைக்குக் கொடுத்தது. அவற்றில் 12-ல் தாலேட் என்ற வகை ரசாயனம் இருந்தது. ஹார்மோன்களின் வேலையில் சில தாலேட்டுகள் தலையிடுகின்றன என்பதால் அவற்றைப் பற்றி மருத்துவ உலகம் கவலைப்படுகிறது. பாதிக்கப்பட்டவற்றில் ‘முற்றிலும் இயற்கை’ என்றும் ‘மணமற்றது’ என்றும் எழுதிய புட்டிகளும் இருந்தன. எந்த லேபிளிலும் தாலேட் என்ற சொல் இல்லை. வால்கிரீன்ஸ் என்ற பெரிய கடை நிறுவனம் தன் பெயரில் விற்ற மணமூட்டிகளை அலமாரியிலிருந்து எடுத்தது.

உண்மையிலேயே இயற்கை என்றால் மட்டும் போதுமா? அகில் கட்டையைப் பாருங்கள். மலாயில் காஹாரு. பகாங் காடுகளிலும் வளரும் மரம். அதன் வயிரத்தில் ஊறும் பிசினுக்காக வெட்டி வெட்டி, இன்று இந்த இனம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இது இருக்கிறது. காட்டில் திருட்டுத்தனமாக வெட்டிய அகிலில் செய்த ஊதுவத்தி நூறு விழுக்காடு இயற்கைதான். இயற்கைக்கு அது செய்த தீங்கும் நூறு விழுக்காடு. மாறாக, செயற்கை மணம் சேர்த்து அதை ஒளிக்காமல் எழுதி விற்பவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. குற்றம் மறைப்பதில்தான் இருக்கிறது.

உண்மையே சொல்லி ஏமாற்றுவது

சில வாசகங்களில் பொய்யே இருக்காது. ஆனாலும் ஏமாற்று உண்டு. ‘சிஎப்சி இல்லாதது’ என்று தெளிப்பான் டப்பாவில் எழுதியிருக்கும். ஓசோன் படலத்தைத் துளைக்கும் சிஎப்சி வாயுக்களை ஒழிக்க 1987-ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. மலேசியா 1989-ல் அதில் சேர்ந்தது. எல்லாரும் கைவிட்ட ஒன்றை ‘எங்களிடம் இல்லை’ என்று பெருமையாகச் சொல்வதில் என்ன இருக்கிறது? ‘எங்கள் கடை அரிசியில் கல் இல்லை’ என்று இன்றைக்கு எழுதி வைப்பது போலத்தான். அந்த டப்பாவில் இப்போது உந்து வாயுவாகப் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன், புரொப்பேன். சமையல் வாயுவும் இதே இனம்தான். எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் தெளிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை சின்ன எழுத்தில் இருக்கும். சிஎப்சி இல்லை என்பது பெரிய எழுத்தில் இருக்கும்.

‘ரசாயனமே இல்லாதது’ என்பது இன்னொன்று. தண்ணீரும் ரசாயனம்தான், பூவின் மணமும் ரசாயனம்தான். இப்படி எழுதுகிறவருக்கு வேதியியல் தெரியாது, அல்லது வாங்குகிறவருக்குத் தெரியாது என்று நினைக்கிறார். எதுவாக இருந்தாலும் அந்தப் புட்டியைக் கீழே வைத்துவிடலாம்.

மெழுகுவர்த்தியில் ‘சோயா மெழுகு’ என்று இருக்கும். சாதாரண பாரஃபின் மெழுகு பெட்ரோலியத்திலிருந்து வருகிறது என்பதால் சோயாவுக்கு நல்ல பெயர். முழுக்கச் சோயாவா, பாரஃபினோடு கொஞ்சம் கலந்ததா? விழுக்காடு எழுதாவிட்டால் தெரியாது. செம்பனை மெழுகு என்றால், அந்தச் செம்பனை காட்டை அழித்த நிலத்தில் விளைந்ததா என்பது அடுத்த கேள்வி. மலேசியாவின் நிலையான செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 ஜனவரி முதல் கட்டாயம். ஆனால் அது செம்பனைத் தோட்டத்துக்கும் ஆலைக்குமான சான்றிதழ். மெழுகோடு சேர்த்த மணத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

‘மறுசுழற்சி செய்யக்கூடிய புட்டி’ என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி சரி. மேலே இருக்கும் தெளிப்பு மூடியில் இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக்கும் ஓர் உலோகச் சுருளும் சேர்ந்திருக்கும்; அதை யார் பிரிப்பது? பகாங்கில் 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்கும் திட்டம் நடப்பில் இருக்கிறது. தரம் பிரிக்கும் கைகளுக்கு இந்த மூடியின் தொல்லை தெரியும். ‘மக்கும்’ என்ற சொல்லும் இப்படித்தான். எங்கே மக்கும், எத்தனை மாதத்தில் மக்கும் என்று இல்லாவிட்டால் அது வெறும் ஆறுதல் வார்த்தை. அமெரிக்க வாணிப ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி, ஓராண்டுக்குள் முழுவதும் மக்காத பொருளை, நிபந்தனை எதுவும் சொல்லாமல் மக்கும் என்று எழுதுவதை ஏமாற்று என்றே சொல்கிறது.

இதற்குப் பெரிய அளவில் தண்டனை கிடைத்த சம்பவமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் கிளாட் பைகளை ‘50% கடல் பிளாஸ்டிக்’ என்று விற்ற கிளோரோக்ஸ் நிறுவனத்துக்கு 2025 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் 82.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்தப் பிளாஸ்டிக் கடலிலிருந்து எடுத்ததே இல்லை; இந்தோனேசியாவில் கரையிலிருந்து 50 கிலோமீட்டர் தூரம் வரையுள்ள ஊர்களில் சேகரித்தது.

மணம் வேறு, சுத்தம் வேறு

எல்லாவற்றையும் விட முக்கியமானது ‘காற்றைத் தூய்மையாக்கும்’ என்ற வாக்குறுதி. மணமூட்டி எதையும் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் காற்றில் இன்னும் சில பொருட்களைச் சேர்க்கிறது. 2011-ல் வெளியான ஆய்வில் ஆன் ஸ்டைன்மன் என்ற ஆய்வாளர் மணமூட்டிய 25 வீட்டுப் பொருட்களைச் சோதித்தார். அவற்றிலிருந்து 133 வகை ஆவியாகும் வேதிப்பொருட்கள் வெளிவந்தன. பசுமை என்று சொல்லிக்கொண்டவை, புற்றுநோய் அபாயமுள்ள மாசுகளை வெளியிடுவதில் மற்றவற்றிலிருந்து குறிப்பிடும்படி வேறுபடவில்லை. எலுமிச்சை, பைன் போன்ற இயற்கை மணங்கள்கூடக் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும்.

சமவெளியில் ஜன்னல் எந்நேரமும் திறந்திருக்கும். தானா ராத்தாவில் அப்படியா? மாலை ஆனால் குளிர். லயத்து வீட்டில் ஜன்னலை அடைத்து, கதவைச் சாத்தி, சின்ன அறையில் பிள்ளைகளும் பாட்டியும் படுத்திருப்பார்கள். அந்த அறையில் ‘100% மூலிகை’ சாம்பிராணிக் குவளையை ஏற்றி வைத்தால் என்ன ஆகும்? மூலிகைப் புகையும் புகைதான். நுண்துகள், கார்பன் மோனாக்ஸைடு எல்லாம் அதில் உண்டு. ‘கரி இல்லாதது’ என்று எழுதிய குவளையும் எரியும்போது புகைவிடத்தான் செய்யும். சாம்பிராணி போடுவது காலங்காலமாக இருக்கும் வழக்கம். அதை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்துப் போடுங்கள். இழுப்பு நோய் உள்ள பிள்ளையை அந்த நேரம் வெளியே உட்கார வையுங்கள். யூகலிப்டஸ் போன்ற எண்ணெய்கள் இயற்கைதானே என்று சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். கொஞ்சம் விழுங்கினாலும் ஆபத்து.

முத்திரை யாருடையது?

கடைசியாக முத்திரை. வட்டத்துக்குள் ஓர் இலை, சுற்றி ஆங்கிலத்தில் நாலு சொல். யாரோ பெரிய அமைப்பு கொடுத்தது போல இருக்கும். எஸ்.சி. ஜான்சன் நிறுவனம் தன் கண்ணாடி துடைக்கும் திரவத்தில் ‘கிரீன்லிஸ்ட்’ என்ற முத்திரையைப் போட்டது. அது வெளி அமைப்பு தந்தது இல்லை, நிறுவனம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட திட்டத்தின் பெயர். வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011-ல் சமரசம் ஏற்பட்டு, அந்தத் திரவத்தில் முத்திரை பயன்படுத்துவதை நிறுவனம் நிறுத்த ஒப்புக்கொண்டது.

மாணவனே தன் தேர்வுத் தாளைத் திருத்திக்கொண்டால் எத்தனை மதிப்பெண் வரும்? அதுபோல முத்திரையைப் பார்த்தால், கொடுத்தவர் யார் என்று பாருங்கள். மலேசியாவில் சிரிம் அமைப்பு 2004 முதல் சுற்றுச்சூழல் முத்திரை வழங்குகிறது. அரசின் ‘மைஹிஜாவ்’ முத்திரை பெற்ற பொருட்களின் பட்டியலை இணையத்தில் பார்க்கலாம். கைப்பேசியில் பொருளின் பெயரைத் தட்டினால் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். ஐஎஸ்ஓ 14001 என்று எழுதியிருந்தால், அது நிறுவனத்தின் நிர்வாக முறைக்கான சான்றிதழ். புட்டிக்குள் இருப்பதற்கு அது உத்தரவாதம் தராது.

மூன்று கேள்விகள்

இவ்வளவையும் கடையில் நின்று யார் நினைவு வைத்துக்கொள்வது? மூன்று கேள்விகள் போதும். எது? எவ்வளவு? யார் சொன்னது?

ஒரு கடையில் இப்படிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

“அண்ணே, மெஸ்ரா ஆலாம்னு போட்டிருக்கே, எது மெஸ்ரா ஆலாம்? புட்டியா, எண்ணெயா?”

“எல்லாந்தாம்மா.”

“எண்ணெய் எவ்வளவுண்ணே இருக்கு இதுல?”

“அது தெரியலையேம்மா. கம்பெனிக்காரங்க அப்படித்தான் சொன்னாங்க.”

“வேற யாராச்சும் சோதிச்சுச் சான்றிதழ் கொடுத்திருக்காங்களா?”

“இல்லம்மா. அதோ அந்தப் பக்கம் இருக்கிற செராய் எண்ணெய் நம்ம ஊர்க்காரர் வடிக்கிறது. வேணும்னா அவரையே கேட்டுச் சொல்றேன்.”

சண்டை இல்லை, சத்தம் இல்லை. கடைக்காரருக்கும் அடுத்த முறை சரக்கு எடுக்கும்போது இதே கேள்வியைக் கேட்கத் தோன்றும். உண்மையாக வடிப்பவருக்கு ஒரு வாடிக்கையாளர் கூடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி கேட்கச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தன்மை பற்றிப் பொய்யான அல்லது தவறான எண்ணம் தரும் வாசகங்களைத் தடை செய்கிறது. 2011-ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டம் பொய்யான விவரத்தோடு பொருள் விற்பதைக் குற்றமாக்குகிறது. உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். நட்டமடைந்தவர் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பின் 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீது, புட்டி, லேபிளின் படம் ஆகிய மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

மற்ற நாடுகளும் விழித்துக்கொண்டுள்ளன. இந்தியாவில் மத்தியப் பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பூச்சுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘இயற்கை’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற சொற்களை விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் போடக் கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இயற்றிய சட்டம், எங்கோ மரம் நட்டுக் காசு கொடுத்துவிட்டு ‘கார்பன் சமநிலைப் பொருள்’ என்று எழுதுவதையே தடை செய்கிறது. அதன் அமலாக்க நாள் 2026 செப்டம்பர் 27.

பொய் லேபிளால் வாங்குபவருக்கு நாலு வெள்ளி போகும். உண்மையாகப் பூ வளர்த்து, செராய் அறுத்து, அடுப்பில் வடித்து விற்கும் சிறு வியாபாரிக்கோ பிழைப்பே போகும். ‘இயற்கை’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றால், உண்மையான இயற்கைக்குக் கூடுதல் விலை கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். அப்புறம் நல்ல பொருள் சந்தையில் நிற்காது.

வீட்டில் கெட்ட வாடை வந்தால், முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். குப்பைக் கூடை, ஈரத் துணி, அடைத்த சாக்கடை, ஏதாவது ஒன்று இருக்கும். அதைச் சரி செய்து, வெயில் வரும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து விடுங்கள். அதன் பிறகும் மணம் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். வாங்கும்போது மூன்று கேள்விகளையும் கேட்டு வாங்குங்கள். தேயிலையில் தூசி கலந்தால் கண்டுபிடித்துவிடும் மக்கள், லேபிளில் பொய் கலந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். கேட்கத் தயங்காமல் இருந்தால் போதும்.